இறகா, தொப்புளா? யெம்பா மொழியில் தொனிக்குறி போட்டு எழுதுவது பற்றி

மலைச்சாரல் | ஞாயிறு இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். நான் கேமரூனில் துவாலா நகரத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் மேற்கு மலைநாட்டைச் சேர்ந்தவர், ஊர் ச்சாங், வீட்டில் பேசுவது யெம்பா. பமிலெகே என்று வெளியே ஒரே மொழி போலச் சொல்கிறார்கள், ஆனால் அது பத்துப் பதினோரு மொழிகளின் கூட்டம். பஃபுசாம், பாஞ்சூன் பக்கம் போனால் கோமாலா, பஃபாங் பக்கம் ஃபெஃபெ, பங்காங்தே பக்கம் மெதும்பா, ச்சாங் பக்கம் யெம்பா. ஒரு மலையைத் தாண்டினால் பேச்சு மாறிவிடுகிறது.

போன வாரம் நண்பர் தன் தங்கைக்கு யெம்பாவில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் அவளிடமிருந்து போன், ஏதோ புரியவில்லை என்று. பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் எழுதியதும் சரி, அவள் வாசித்ததும் சரி, சொல்தான் வேறு." நமக்குப் பக்கமாக எழுதினால் 'லெதொங்' என்று வரும் ஒரே எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். தொனியை, அதாவது குரலின் உயரத்தை, மாற்றினால் அது இறகு, வாசித்தல், தொப்புள், முடித்தல் என்று நான்கு சொற்கள். அவர் நான்கையும் எனக்குச் சொல்லிக் காட்டினார், எனக்கு முதல் தடவை இரண்டுதான் பிரிந்து கேட்டது.

யெம்பாவுக்கு எழுத்துமுறை இருக்கிறது, தொனிக்குறிகளும் இருக்கின்றன. ஆனால் போனில் எழுதும்போது யாரும் போடுவதில்லை. அச்சடித்த புத்தகத்தில் பார்த்தால் எழுத்துகளின் தலையில் வரிசையாகக் கோடுகள். இதில் எது சரியான வழி? என் மனதுக்கு, நான்கு சொல்லை ஒரே மாதிரி எழுதுவது அந்த மொழிக்குச் செய்யும் அநியாயமாகப் படுகிறது. இதைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒலிநாடி | ஞாயிறு இரவு 11:42

அண்ணா, நல்ல இழை. நான் மொழியியல் மாணவன். ச்சாங் பேச்சின் தொனி ஒலியியல் வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தொனி ஏன் இவ்வளவு பாரம் சுமக்கிறது என்று பார்க்க வேண்டும். பமிலெகே மொழிகள் பாந்து மொழிகளுக்கு (சுவாஹிலி, சூலு போன்றவை) நெருங்கிய உறவு, புல்வெளி மொழிகள் என்று சொல்லும் கிளையில் வருபவை. பாந்துவில் ஒரு பெயர்ச்சொல்லின் வேர் பெரும்பாலும் இரண்டு அசை. பமிலெகேயில் காலப்போக்கில் கடைசி உயிர் தேய்ந்து விழுந்துவிட்டது, அதனால் இன்று வேர் ஒரே அசை, முன்னால் ஒரு சின்ன முன்னொட்டு, அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்களும் சிலவே. இப்படிச் சொல் சுருங்கிப்போனால் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் கூடத்தானே செய்யும், அவற்றைப் பிரித்து வைக்கும் வேலை முழுவதும் தொனியின் தலையில் விழுகிறது.

இன்னொன்று, அசை விழுந்தது, அதன் மேல் இருந்த தொனி விழவில்லை. உட்கார உயிர் இல்லாமல் அது சொல்லின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. 'மிதக்கும் தொனி' என்று சொல்வார்கள். காதில் தனியாகக் கேட்காது, ஆனால் பக்கத்துச் சொல்லின் உயரத்தை மாற்றிவிடும். இரண்டு உயர்தொனிகளுக்கு நடுவில் இப்படி ஒரு தாழ்தொனி மிதந்தால், இரண்டாவது உயர்தொனி ஒரு படி கீழே இறங்கி ஒலிக்கும். படி இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியது இறங்கியதுதான், அந்த வாக்கியத்தில் அதற்குப் பிறகு வரும் உயர்தொனி எல்லாம் அந்தப் புதிய மட்டத்திலிருந்துதான் தொடங்கும்.

பங்காங்தே பேச்சைப் பற்றி மொழியியலாளர் யான் வூர்ஹூவே 1971-இல் எழுதினார், ச்சாங் பற்றி மொரிஸ் ததாஜூ 1974-இல், அப்புறம் லாரி ஹைமன் 1985-இல். ததாஜூவுக்கு ச்சாங் பேச்சு தாய்மொழி. பங்காங்தே பக்கம் 'இன்னாருடைய இன்னது' என்று இரண்டு பெயர்களைச் சேர்க்கும்போது நடுவில் வரும் இணைப்பு ஒரு சொல்லாகவே கேட்பதில்லை, வெறும் தொனியாக இருக்கிறது. ஒரு வேற்றுமை உருபு முழுவதும் ஒலியே இல்லாமல், பக்கத்துச் சொல்லின் உயரத்தில் மட்டும் தெரிகிறது என்று நினைத்துப் பாருங்கள். இதை எழுத்தில் எங்கே போடுவது?

தமிழரசி டீச்சர் | திங்கள் காலை 6:25

தம்பி, ஒருமுறைக்கு இருமுறை படித்தேன், புரிகிறது. நான் முப்பது வருடமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள், அதனால் என் கேள்வி வேறு பக்கம். தொனியை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்ற ஒலிகள் எப்படி? அவற்றுக்காவது ஒலிக்கு ஓர் எழுத்து என்று ஒழுங்காக இருக்கிறதா? அங்கே பிள்ளை எழுதப் பழகுவது எதிலிருந்து?

மலைச்சாரல் | திங்கள் மதியம் 1:30

டீச்சர், என் காதுக்குக் கேட்டதைச் சொல்கிறேன்.

நம் ங ஒலி அங்கே சொல்லின் முதலிலேயே தாராளமாக வரும், ஆத்திசூடியில் ஙப்போல் வளை என்று படித்ததோடு நாம் விட்டுவிட்ட எழுத்து அங்கே நாள் முழுக்கப் புழங்குகிறது. அதற்கு வால் வளைந்த 'என்' எழுத்து வைத்திருக்கிறார்கள். மூக்கொலியோடு ஒட்டிய ம்ப, ந்த, ங்க எல்லாம் சொல்லின் தொடக்கத்தில் சாதாரணம். ப்ஃப என்று உதட்டை மூடித் திறந்து உரசும் ஒலி ஒன்று, அது கோமாலாவில் நிறைய. ட்ஸ, ட்ஜ மாதிரி ஒலிகளும் உண்டு.

உயிர்களில் எனக்குப் பிடித்தது குறுக்குக் கோடு போட்ட 'யூ'. நண்பர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் தற்செயலாக நான் போனில் 'வந்து, பார்த்து' என்று தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு "அந்தக் கடைசி ஒலிதான்" என்றார். உதடு குவியாத நம் குற்றியலுகரம்! அச்சு அசல் அதே இல்லை, நாக்கு இன்னும் கொஞ்சம் நடுவில் நிற்கிறது, ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வந்துவிடுகிறது. அதே மாதிரி எ-வில் வாய் குறுக்கியது ஒன்று, அகலத் திறந்தது ஒன்று, ஒ-விலும் அப்படியே இரண்டு. ஆங்கில 'அபவ்' என்பதன் முதல் ஒலி போன்ற மங்கிய உயிர் ஒன்று, அதற்கு ஆங்கில ஈ (e) எழுத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

அப்புறம் தொண்டை அடைப்பு. குரல் வந்துகொண்டே இருக்கும்போது விக்கல் வந்தது போல் டக்கென்று நிற்கும். அது முழு மெய்யெழுத்து, இருந்தால் ஒரு சொல், இல்லாவிட்டால் வேறு சொல். கோமாலா என்ற பெயரின் கடைசியில் அது இருக்கிறது, ஃபெஃபெ என்ற பெயரில் இரண்டு இடத்தில் இருக்கிறது. தமிழில் எழுதும்போது நாம் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

ஒலிநாடி | திங்கள் மாலை 5:05

உயிர்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இதே கூட்டத்தில் ங்வே என்று ஒரு மொழி, கேமரூனின் ஆங்கிலம் பேசும் பகுதியில் இருப்பது. ஒலியியல் மாணவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் எட்டு அடிப்படை உயிர்கள் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதற்கு மிக நெருங்கிய எட்டு உயிர்களும் ஒரே மொழியில் கிடைப்பதற்கு ஒலியியலாளர் பீட்டர் லேட்ஃபோகெட் காட்டிய மொழி ங்வே.

டீச்சர் கேட்ட 'ஒலிக்கு ஓர் எழுத்து' விஷயத்தில் ஒரு நுணுக்கம். பல பமிலெகே மொழிகளில் ல-வும் ட-வும் ஒரே ஒலியின் இரண்டு முகம் மாதிரி. தனியாக வந்தால் ல, மூக்கொலிக்குப் பின்னால் வந்தால் ண்ட. தொண்டையில் உரசும் க-வும் அப்படித்தான், மூக்கொலிக்குப் பின் கெட்டிப்பட்டு ங்க ஆகிவிடும். நாம் 'அகம்', 'அங்கம்' இரண்டிலும் ஒரே க-வை எழுதிவிட்டு வாசிக்கும்போது மாற்றிக்கொள்கிறோம். அவர்கள் காதில் விழுவதை விழுந்தபடியே இரண்டு எழுத்தாக எழுதுகிறார்கள்.

அச்சுக்கோவை | திங்கள் இரவு 10:18

எழுத்துரு வடிவமைப்பு என் தொழில். ஆப்பிரிக்க மொழிகளுக்கான இலத்தீன் எழுத்துருக்களில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் எழுத்துப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கேமரூனில் 200-க்கும் மேற்பட்ட மொழிகள். ஒவ்வொரு திருச்சபையும் தன் வட்டாரத்துக்கு ஒரு எழுத்துக்கூட்டல் வைத்திருந்த காலம் போய், 1979-இல் நாட்டின் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஓர் எழுத்துத் தொகுதியை ஏற்றுக்கொண்டார்கள். ஒலிநாடி சொன்ன அதே மொரிஸ் ததாஜூவும் எத்தியென் சதெம்புவோவும் அதைத் தொகுத்து வெளியிட்டவர்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு: எழுத்தின் தலைக்கு மேல் இருக்கும் இடம் தொனிக்கு மட்டும். பிரெஞ்சில் e எழுத்தின் தலையில் கோடு போட்டால் உயிரின் தன்மை மாறும். இங்கே அது கூடாது. அகலத் திறந்த எ-வுக்குத் தனி வடிவம், மூன்றைத் திருப்பி வைத்தது போல. அகன்ற ஒ-வுக்கு ஆங்கில சி (c) எழுத்தைத் திருப்பி வைத்த வடிவம். தலை காலியாக இருந்தால்தான் அங்கே தொனி உட்கார முடியும். வலப்பக்கம் ஏறும் கோடு உயர்தொனி, இறங்கும் கோடு தாழ்தொனி, கூரை போட்டால் இறங்குதொனி, கூரையைக் கவிழ்த்துப் போட்டால் ஏறுதொனி, படுத்த கோடு நடுத்தொனி. எந்தத் தொனி அதிகம் வருகிறதோ அதற்குக் குறி போட வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள், பெரும்பாலான மொழிகளில் அது தாழ்தொனி. ஆழ்ந்து யோசித்துச் செய்த வேலை.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் இந்த ஒழுங்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று தெரியும். ச்சாங் ஊரை இன்றும் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறார்கள், ஒரு ஒலிக்கு நான்கு மெய்யெழுத்து வரிசையாக நிற்கும். 1884-இலிருந்து முதல் உலகப்போர் வரை இருந்த ஜெர்மன் ஆட்சி விட்டுப்போன தடம் அது. பாஞ்சூன், பஃபுசாம் என்பவற்றைப் பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். மக்களின் குடும்பப் பெயர்களும் அப்படியேதான் பதிவாகி இருக்கின்றன, அடையாள அட்டையில் தொனியும் இல்லை, தொண்டை அடைப்பும் இல்லை.

கணினிக்கு வந்தால் தலைவலி வேறு மாதிரி. மெதும்பா என்ற பெயரை அவர்கள் முறையில் எழுதினால் மூன்று உயிர் வருகிறது, மூன்றுமே சாதாரண விசைப்பலகையில் இல்லாதவை. அதில் ஒன்று கையெழுத்தில் போடும் வட்ட வடிவ 'ஏ', அதன் பெரிய எழுத்து யூனிகோடில் (கணினிகளுக்கான உலகப் பொது எழுத்துப் பட்டியல்) 2008-இல் வந்த 5.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை ஒரு வாக்கியத்தை அந்த எழுத்தில் தொடங்கினால் தலைப்பெழுத்து போட முறையான வழியே இல்லை.

தொண்டை அடைப்பின் கதை இன்னும் வருத்தமானது. அதற்கு மேற்கோள் குறி வடிவத்தையே வைத்திருக்கிறார்கள். மக்கள் விசைப்பலகையில் கிடைக்கும் மேற்கோள் குறியைத் தட்டிவிடுகிறார்கள். கணினிக்கு அது நிறுத்தற்குறி, எழுத்து இல்லை. உடனே ஃபெஃபெ என்ற ஒரு சொல் இரண்டு துண்டாகிவிடும், தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும், சில நிரல்கள் அதை வளைந்த மேற்கோளாக வேறு மாற்றி வைக்கும். இதற்கென்றே எழுத்தாக மதிக்கப்படும் தனிக்குறி யூனிகோடில் இருக்கிறது, பார்க்க அதே மாதிரி இருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எங்கே போனாலும் சொல்கிறேன். ஒரு மெய்யெழுத்தை நிறுத்தற்குறி என்று கணினி நினைத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம் இல்லை.

மலைச்சாரல் | செவ்வாய் காலை 7:50

அச்சுக்கோவை அண்ணா, அற்புதம். நண்பரின் அடையாள அட்டையை நேற்றுதான் கவனித்தேன், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. சரி, அப்படியென்றால் என் கட்சி பலப்படுகிறது என்று நினைக்கிறேன். 1979-இல் தலைக்கு மேல் இடத்தையே தொனிக்காக ஒதுக்கி வைத்தார்கள் என்றால், போடத்தானே வேண்டும்?

ஒலிநாடி | செவ்வாய் இரவு 8:33

அண்ணா, இங்கேதான் எனக்கு உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

1999-இல் ஸ்டீவன் பேர்டு என்ற மொழியியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார், இதே யெம்பாவில், யெம்பா பேசும் மக்களோடு. அவர் வெளியிலிருந்து குறை சொன்னவர் இல்லை, ததாஜூவோடு சேர்ந்து யெம்பா-பிரெஞ்சு அகராதி ஒன்றை 1997-இல் கொண்டுவந்தவர். முழுத் தொனிக்குறியோடு ஒரு வாசகம், குறியே இல்லாமல் ஒரு வாசகம், இரண்டையும் வாசிக்கச் சொன்னார். குறி போட்டதை வாசிக்கும்போது ஓட்டம் குறைந்தது. தொனியால் மட்டுமே பிரியும் சொற்களைச் சரியாகப் பிடிப்பதிலும் குறி உதவவில்லை. அப்புறம் குறியில்லாத வாசகத்தைக் கொடுத்து நீங்களே குறி போடுங்கள் என்றார். நன்றாகப் பழகிய எழுத்தாளர்கள் 83.5 சதவீதம் சரியாகப் போட்டார்கள். பழகாதவர்கள் 53 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டுக் குறி போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் நான் முதலில் சொன்ன மிதக்கும் தொனிதான். யெம்பாவில் ஒரு சொல் தனியே ஒலிப்பது ஒரு மாதிரி, வாக்கியத்துக்குள் பக்கத்துச் சொல்லின் தொனி பட்டு ஒலிப்பது வேறு மாதிரி. காதில் கேட்டதைக் கேட்டபடி குறி போட வேண்டும் என்றால் ஒரே சொல் ஒரு பக்கத்தில் மூன்று வேஷத்தில் வரும். நாம் பழகிய பிறகு எழுத்துக்கூட்டியா படிக்கிறோம்? சொல்லின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. முகம் இடத்துக்கு இடம் மாறினால் கண் தடுக்கி விழும். வியட்நாமிய மொழியில் ஒவ்வொரு அசைக்கும் தொனிக்குறி போடுகிறார்களே, அங்கே சிக்கல் இல்லையே என்று கேட்கலாம். அங்கே சொல்லின் தொனி பெரும்பாலும் இடம் மாறினாலும் மாறாது, முகம் நிலையாக இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் தொனி உண்டு, எழுத்தில் போடுவதே இல்லை, செய்தித்தாள் வரை வருகிறது.

மலைச்சாரல் | செவ்வாய் இரவு 11:15

தம்பி, எண்களுக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் அதே எண்கள் எனக்கு வேறொன்று சொல்கின்றன. 53-க்கும் 83.5-க்கும் நடுவில் இருப்பது பழக்கம். அவர்கள் எல்லாரும் பள்ளியில் முதலில் வாசிக்கக் கற்றது பிரெஞ்சில், தாய்மொழி எழுத்து பின்னால் வந்தது, அதுவும் கொஞ்ச நாள். பத்து வருடம் பிரெஞ்சு வாசித்த கண்ணிடம் யெம்பாவைக் கொடுத்து ஏன் தடுமாறுகிறாய் என்று கேட்பது நியாயமா? ஒன்றாம் வகுப்பிலிருந்து தொனிக்குறியோடு வளர்ந்த பிள்ளையிடம் அந்தச் சோதனையை வைத்தால் என்ன வரும்?

இன்னொன்று, வினைச்சொல்லை நீங்கள் சொல்லவே இல்லை. நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், யெம்பாவில் இறந்தகாலம் ஒன்று இல்லை, ஐந்து. இப்போதுதான் நடந்தது, இன்றைக்குச் சற்று முன்னால், நேற்று, சில நாளைக்கு முன், ஒரு வருடம் போல ஆனது. எதிர்காலமும் அப்படியே ஐந்து. இவ்வளவு நுணுக்கமாகக் காலத்தை வெட்டி வைத்திருக்கும் மொழியில் தொனிக்கும் அதில் பங்கு இருக்கிறது. குறியைத் தூக்கிவிட்டால் எப்போது நடந்தது என்பதே மங்கிப்போகிறது.

ஒலிநாடி | புதன் காலை 9:02

காலங்கள் பற்றி நீங்கள் சொன்னது சரி அண்ணா, ஹைமன் 1980-இல் அதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். பழக்கம் பற்றிய வாதத்தையும் ஒத்துக்கொள்கிறேன், பாதி. மீதிப் பாதி: 83.5 என்றால் ஆறில் ஒன்று தவறு, அதுவும் நன்றாகப் பழகியவர்களுக்கு. ஆறு சொல்லுக்கு ஒரு எழுத்துப்பிழை வந்துகொண்டே இருந்தால் யாருக்கு எழுதும் ஆசை இருக்கும்? என் பயம் அதுதான். குறி போடத் தெரியாது என்ற கூச்சத்தில் மக்கள் எழுதுவதையே விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

குறியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற உயரத்துக்கு எல்லாம் குறி போடாமல், சொல்லின் சொந்தத் தொனிக்கு மட்டும், அதுவும் குழப்பம் வரும் சொல்லில் மட்டும் போடலாம். அந்தச் சொல் எங்கே வந்தாலும் அதே குறி, வாக்கியத்தில் இறங்கினாலும் ஏறினாலும் மாற்ற வேண்டாம். இலக்கணத் தொனிக்கு வேண்டுமானால் வினையின் முன்னால் ஒரு தனி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். வாயில் வரும் இறக்கத்தைத் தாய்மொழிக்காரரின் நாக்கு தானே போட்டுக்கொள்ளும், அதைத் தாளில் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழரசி டீச்சர் | புதன் மாலை 6:40

நீங்கள் இருவரும் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எ-வுக்கும் ஏ-வுக்கும் கொம்பில் வேறுபாடு இருக்காது. ஏட்டை வாசித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டு ஓட்டமாகவே வாசித்தார்கள். ஆனால் ஏட்டை வாசிக்க முதலில் அந்த மொழியும் அந்தப் பாட்டும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் புள்ளி வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான், குறி யாருக்காக என்று கேளுங்கள். மொழி தெரிந்த பெரியவர் தங்கைக்கு எழுதும்போது ஒரு அளவு போதும். துவாலாவில் பிறந்து வீட்டில் பாதிப் பிரெஞ்சு பேசி வளரும் பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் காதால் கேட்ட அனுபவமே குறைவு. அவனுக்குக் குறியில்லாத எழுத்தைக் கொடுத்தால் அவன் பிரெஞ்சு ஒலியில்தான் வாசிப்பான். அகராதியிலும் முதல் பாடப் புத்தகத்திலும் முழுக் குறி இருக்கட்டும். பிள்ளை வளர வளரக் குறியைக் குறைக்கலாம். என் வகுப்பில் நானும் அப்படித்தான், முதலில் புள்ளி வைத்த கோட்டின் மேல் எழுதச் சொல்லி, அப்புறம் புள்ளியை எடுத்துவிடுவேன்.

வழிப்போக்கன் | வியாழன் அதிகாலை 2:12

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இவ்வளவு நேரமும் இலத்தீன் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பமிலெகே மொழி ஒன்றுக்கு அதற்கு முன்பே சொந்த எழுத்து இருந்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நூன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாமும் அரசு, தலைநகரம் ஃபும்பான். அரசர் ஞ்சோயா 1896 வாக்கில் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கத் தொடங்கினார். முதலில் 500-க்கும் மேற்பட்ட குறிகள், பிறகு திரும்பத் திரும்பச் செதுக்கி 1910 வாக்கில் 80 சொச்சம். பாமும் மொழி பமிலெகே கூட்டத்தில் சேராது, ஆனால் நெருங்கிய சொந்தம். அந்த எழுத்து 2009-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாகம் என்ற ஊர். அவர்களுடைய மொழி மெங்காகா, பமிலெகே மொழிதான். அங்கேயும் ஒரு எழுத்து இருந்தது, பல நூறு குறிகள், பாமும் எழுத்தைப் பார்த்து எழுந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் அங்கே இருந்த மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதில் நூறு குறி போல வரைந்து எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். 1920-21-இல் கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்தது, குறிகளை மட்டும் அச்சிடவில்லை! எழுத்தைப் பற்றிய கட்டுரை, எழுத்து இல்லாமல். அதன் பிறகு அது தொலைந்த எழுத்தாகவே கிடந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த மூலக் கையெழுத்துப்படியிலிருந்து கொன்ராட் துக்ஷரர் என்ற ஆய்வாளர் 1999-இல்தான் அந்தக் குறிகளை வெளியிட்டார். ஏறக்குறைய எண்பது வருடம்.

எனக்கு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஓர் ஊர் தன் பேச்சுக்குத் தானே வடிவம் தேடிக்கொண்டது, அதில் நமக்குக் கிடைத்தது ஒரு வெளியாளின் தாளில் இருந்த நூறு குறி.

அச்சுக்கோவை | வியாழன் காலை 10:47

வழிப்போக்கன், நன்றி. அச்சுத்தொழில் செய்கிறவனுக்கு இது நெஞ்சில் குத்தும் செய்தி. எழுத்து வார்ப்பதற்கு ஆகும் செலவும் சிரமமும் எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு பக்கம் படமாகவாவது போட்டிருக்கலாம்.

மலைச்சாரல், உங்கள் நண்பருக்கு ஒரு வேலை எளிதாகும். லினக்ஸில் கேமரூன் விசைப்பலகை தயாராகவே இருக்கிறது, பிரெஞ்சு அடுக்கு, ஆங்கில அடுக்கு இரண்டிலும். கிளாஃப்ரிகா என்று பமிலெகே மக்கள் நடுவிலிருந்தே வந்த தட்டச்சு முறையும் உண்டு, எழுத்தைத் தட்டிவிட்டு ஒரு எண்ணைத் தட்டினால் தொனிக்குறி தலையில் ஏறும். ஒன்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: திறந்த எ, திறந்த ஒ இவற்றுக்கு மேல் தொனிக்குறி போட்டால் அது யூனிகோடில் ஒரே எழுத்தாக இல்லை, எழுத்தும் குறியும் தனித்தனியாக வந்து ஒட்டிக்கொள்பவை. எழுத்துரு சரியில்லை என்றால் குறி பக்கத்தில் போய் விழும். நல்ல எழுத்துரு இரண்டு மூன்றின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

மலைச்சாரல் | வெள்ளி இரவு 10:05

நண்பரிடம் இந்த இழை முழுவதையும் இரண்டு நாளாக மதிய உணவு நேரத்தில் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாகம் எழுத்தைப் பற்றி அவருக்கே தெரியாது, வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறேன் என்றார்.

தொனிக்குறி விஷயத்தில் அவர் ஒலிநாடி பக்கம்தான் சாய்கிறார், எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம், ஆனால் மொழி அவருடையது. "எல்லாச் சொல்லுக்கும் போட்டால் என் தங்கை வாசிக்க மாட்டாள், ஒன்றுக்கும் போடாவிட்டால் என் மகனால் வாசிக்க முடியாது" என்றார். டீச்சர், உங்கள் பேச்சை அப்படியே அவரே சொன்னது போல் இருந்தது.

அந்தப் பழைய செய்தியைத் திரும்ப எழுதி அனுப்பினார், குழப்பம் வந்த ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தலையில் கோடு போட்டு. இந்த முறை போன் வரவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தங்கையிடமிருந்து பதில் வந்தது, அந்தக் கோட்டை எந்தப் பொத்தானில் தட்டுவது என்று கேட்டு. அச்சுக்கோவை அண்ணா சொன்ன விசைப்பலகையை இப்போது அவள் போனில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், தொண்டை அடைப்புக்குச் சரியான குறி அதில் வருகிறதா என்று நாளை பார்த்துச் சொல்கிறேன்.